உப்பும் தண்ணீரும் பிரிவது: கடலில் ஒரு மாதிரி, உடம்பில் வேறு மாதிரியா?

வெயில்பட்சி

காலையில் ஓடிவிட்டு வந்து கறுப்பு டி-ஷர்ட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தேன். மதியம் பார்த்தால் அதில் வரைபடம் மாதிரி வெள்ளைக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பேதான்.

அப்போதிருந்து ஒரு கேள்வி குடைகிறது. கடல்நீர் வெயிலில் காய்கிறது, தண்ணீர் மேலே போகிறது, உப்பு கீழே தங்குகிறது. சரி, பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் உடம்புக்குள் எதுவும் கொதிப்பதுமில்லை, உறைவதுமில்லை. இருந்தும் சிறுநீர் ஒரு நாள் பச்சைத் தண்ணீர் மாதிரி போகிறது, இன்னொரு நாள் அடர் மஞ்சளாகப் போகிறது. உள்ளே எங்கோ உப்பையும் தண்ணீரையும் பிரிக்கிற வேலை நடக்கத்தானே செய்கிறது? சிறுநீரகம் ஒரு வடிகட்டி என்கிறார்கள். உப்புத் தண்ணீரை எந்தத் துணியில் வடிகட்டினாலும் கரிப்பு போவதில்லையே!

இன்னொன்று. சிறுபிள்ளைத்தனமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் மூடி, அசைக்காமல் பத்து வருடம் வைத்தால் உப்பு அடியில் தங்குமா?

குட்டிச்சுவர்

டி-ஷர்ட்டை நக்கிப் பார்த்துவிட்டு அறிவியல் பகுதியில் இழை திறந்த முதல் ஆள் நீங்கள்தான். துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய வாத்தியார்

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், முப்பது வருடம் வகுப்பில் கேட்ட கேள்வி அது. தங்காது. சேற்றுத் தண்ணீர் தெளிவதைப் பார்த்துப் பழகியதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. மண் என்பது துகள். கரைந்த உப்பு துகள் அல்ல. தனித்தனி சோடியம், குளோரைடு அயனிகள். சுற்றியிருக்கிற நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் அவற்றை இடித்துக்கொண்டே இருக்கின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கத்தான் இழுக்கிறது, ஆனால் அந்த இடிபாட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால் ஒரு அடி உயரப் பாட்டிலில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. வித்தியாசம் நாக்குக்குத் தெரிய வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கில் உயரமான பாட்டில் வேண்டும்.

தானாகப் பிரியாது என்பதுதான் இந்த விஷயத்தின் அஸ்திவாரம். கலப்பது சும்மா நடக்கும். பிரிப்பதற்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும்.

கடலில் கூலி கொடுப்பது சூரியன். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் ஒரு அளவு) நீர் ஆவியாக 44 கிலோஜூல் போதும். சோடியம் அயனியைத் தண்ணீரின் பிடியிலிருந்து பிய்த்துக் காற்றில் விட வேண்டுமானால் மோலுக்கு 400 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதனால் நீர் தப்பித்துப் போகிறது, உப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது. இதில் வடிகட்டி எதுவும் இல்லை. நீரின் மேற்பரப்பேதான் வேலி.

ஆனால் கூலி அநியாயம். கொதிநிலையில் 1 கிலோ நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல். ஆயிரம் லிட்டருக்கு அது ஏறக்குறைய 630 யூனிட் மின்சாரம். அதே ஆயிரம் லிட்டர் நன்னீரைக் கடல்நீரிலிருந்து பிரிக்க இயற்கை விதிப்படி தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல் சுமார் 1 யூனிட்தான். சூரியன் கணக்குப் பார்ப்பதில்லை, அதனால் நடக்கிறது.

நிலாமதி

வாத்தியார் ஐயா, உப்பு ஆவியாகாது என்றால் கடலோரத்து மழைநீரில் எப்படி உப்பு இருக்கிறது? வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும் அதனால்தானே?

பழைய வாத்தியார்

அது ஆவி இல்லையம்மா, தெறிப்பு. அலை உடையும்போது குமிழிகள் வெடித்து நுண்துளிகளைக் காற்றில் வீசுகின்றன. துளியின் தண்ணீர் காய்ந்ததும் உப்புத் தூசி மிதக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தூசியைச் சுற்றித்தான் பல மேகத்துளிகள் உருவாகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக்கொண்டு கரைந்துவிடும். சூரியன் அரும்பாடுபட்டுப் பிரித்த இரண்டும் ஆகாயத்தில் போய் மறுபடி கைகோத்துக்கொள்கின்றன.

கடலோடி

கப்பலில் எஞ்சின் பிரிவில் இருக்கிறேன். வாத்தியார் சொன்ன கூலியை நாங்கள் ஓசியில் வாங்குகிறோம். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் சுடுநீர் 80 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் கடல்நீரைக் கொதிக்க வைக்க முடியாது என்று நினைப்பீர்கள். ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டருக்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடத்துக்கு அருகே கொண்டுபோய்விடுவோம். 50 டிகிரி சுமாருக்கே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஆவி மேலே போய்க் குளிர்ந்து நன்னீராகும், அடர்ந்த உப்புநீரை வெளியே தள்ளிவிடுவோம்.

பழகாத ஆள் சூட்டைக் கூட்டிவிட்டால் கொதி பொங்கி, ஆவியோடு உப்புத் துளிகளும் மேலே ஏறிவிடும். அலாரம் அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்க வைத்தேன். ஜன்னல் கம்பியில் படிவதும் அந்த அலாரமும் ஒரே கதைதான்: தெறிப்பு.

உப்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தண்ணீர் போகும், உப்பு தங்கும்" என்பதோடு அங்கே வேலை முடிவதில்லை. கடல்நீரில் கரைந்திருப்பது ஒரே உப்பு அல்ல. லிட்டருக்கு 35 கிராம் சுமாருக்கு எல்லாம் கலந்து கிடக்கிறது. காயக் காய முதலில் சுண்ணாம்பு இறங்கும். பிறகு ஜிப்சம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதற்கும் பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும். அதனால்தான் பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள்: முந்தியதை முந்திய பாத்தியில் விட்டுவிட்டு, கசப்பு வருவதற்குள் நீரைத் திறந்துவிட வேண்டும். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவியில் 25 டிகிரி வந்தால் உப்பு விழும். 30-ஐத் தாண்டவிட்டால் உப்பு கசக்கும். தண்ணீரை உப்பிலிருந்து பிரிப்பது வெயிலின் வேலை. உப்பை உப்பிலிருந்து பிரிப்பதுதான் மனிதன் வேலை.

குட்டிச்சுவர்

உறைந்தாலும் பிரியும் என்கிறார்களே? ஐஸ்பெர்க் முழுக்க நல்ல தண்ணீர்தானாம். கடல் உறைந்தால் உப்பு எங்கே போகிறது?

பழைய வாத்தியார்

இரண்டு தனி விஷயத்தை ஒன்றாக்கிவிட்டீர்கள். ஐஸ்பெர்க் கடல் உறைந்து வந்ததல்ல. நிலத்தில் பெய்த பனி ஆயிரக்கணக்கான வருடம் இறுகி, உடைந்து கடலில் விழுந்தது. அது பிறப்பிலேயே நன்னீர். 1773 ஜனவரியில் அண்டார்டிக் கடலில் கேப்டன் குக் மாலுமிகளை விட்டு அள்ளிவரச் சொல்லி உருக்கிக் குடித்தது அதைத்தான்.

கடலே உறைந்து வருவது வேறு. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறையத் தொடங்கும். பனிக்கட்டியின் அறுகோணக் கூட்டில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் இடமே இல்லை. அதனால் படிகம் வளர வளர உப்பை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட உப்புநீர் கொஞ்சம் கட்டிக்குள்ளேயே நுண்குழல்களில் மாட்டிக்கொள்ளும், மீதி கீழே வடியும். புதுக் கடற்பனி அதனால் கரிக்கும். ஒரு கோடையைத் தாண்டிய பழைய கட்டியில் குழல்கள் வடிந்து காலியாகி, குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். கீழே வடிந்த அந்த உப்புநீர் குளிர்ந்தும் கனத்தும் இருப்பதால் அண்டார்டிகாவைச் சுற்றி கடலடிக்கு மூழ்கி, ஆழ்கடல் நீரோட்டங்களையே நடத்துகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம், வெயில்பட்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு. பாட்டிலில் மேலே நாலு விரல் இடம் விட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் வைக்கவும். பிறகு மூடியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்து, வடிவதைத் தனித்தனிக் கிண்ணத்தில் பிடிக்கவும்.

வெயில்பட்சி

இன்றே வைக்கிறேன். ஆனால் ஐயா, எனக்கு இன்னும் உடம்புக் கேள்வி அப்படியே நிற்கிறது. 37 டிகிரியில் எது பிரிக்கிறது?

இரவுப்பணி

பதினொரு வருடமாகச் சிறுநீரகப் பிரிவில் செவிலியர். வேலை முடிந்து வந்து இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

"வடிகட்டி" பாதி உண்மை. சிறுநீரகத்தின் முதல் கட்டத்தில், குளோமெருலஸ் என்கிற நுண்குழாய்ப் பந்தில், வடிகட்டல்தான் நடக்கிறது. ஆனால் அங்கே நிறுத்தப்படுவது இரத்த அணுக்களும் புரதமும். உப்பு தண்ணீரோடு ஜாலியாக இறங்கிவிடும். நீங்கள் சொன்ன துணி மாதிரியேதான். ஒரு நாளைக்கு இப்படி இறங்குவது 180 லிட்டர். அதில் இருக்கும் உப்பு ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். ஆனால் நாம் கழிப்பது ஒன்று, ஒன்றரை லிட்டரும் சில கிராம் உப்பும். மற்ற அத்தனையும் குழாய்ச் சுவர் வழியாகத் திரும்ப எடுக்கப்படுகிறது. சிறுநீரகத்தின் திறமை வடிகட்டுவதில் இல்லை, திரும்ப எடுப்பதில் இருக்கிறது.

மூன்றில் இரண்டு பங்கு முதல் வளைவுகளிலேயே திரும்பிவிடும். அங்கே பிரிவு இல்லை. உப்பு முன்னால் போக, தண்ணீர் வால் பிடித்துக்கொண்டு பின்னால் போகும். பிரிகிற இடம் அடுத்தது: ஹென்லே வளைவு. ஹேர்பின் மாதிரி கீழே இறங்கி, திரும்பி மேலே ஏறும் குழாய். இறங்குகிற பக்கச் சுவர் தண்ணீரை விடும், உப்பை விடாது. ஏறுகிற பக்கம் நேர்மாறு: அங்கே உப்பை பம்ப் செய்து வெளியே தள்ளுகிறார்கள், தண்ணீருக்குக் கதவே இல்லை. பின்னால் போக நினைத்தாலும் போக முடியாது. வளைவின் அடியில் 1,200 மில்லிஆஸ்மோலாக (கரைந்திருப்பவற்றின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) இருந்த திரவம் மேலே வந்து சேரும்போது 100-க்கு இறங்கியிருக்கும். இரத்தத்தின் அளவு 290 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். உள்ளே வெறும் தண்ணீருக்குப் பக்கமான ஒன்று, வெளியே உப்பேறிய திசு. இங்கேதான், கொதிக்காமல் உறையாமல், இரண்டும் பிரிகின்றன.

அப்புறம் அந்த நீர்த்த திரவம் சேகரிப்புக் குழாய் வழியாக அதே உப்பேறிய திசுவைக் கடந்து மறுபடி கீழே போக வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் மூளையிலிருந்து ஏ.டி.எச். ஹார்மோன் வரும். குழாய்ச் சுவரில் அக்வாபோரின் என்கிற துளைகள் திறக்கும், தண்ணீர் தானாகவே உப்பு இருக்கிற பக்கம் ஓடிவிடும், சிறுநீர் 1,200 வரை அடரும். ஹார்மோன் இல்லையா, துளை மூடல். 50 வரைக்கும் நீர்த்துப் போகும். உங்கள் மஞ்சளுக்கும் பச்சைத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது அந்தக் கதவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு நேரம் பேசியதில் எந்த இடத்திலும் தண்ணீரை யாரும் தள்ளவில்லை. உடம்பில் தண்ணீருக்கு பம்ப் கிடையாது. உப்புக்குத்தான் பம்ப். தண்ணீருக்குக் கதவு மட்டும்தான்.

நாங்கள் "நீர் மாத்திரை" என்று கொடுக்கிற ஃப்யூரோசமைட்கூட நீரைத் தொடுவதில்லை. ஏறுகிற பக்கத்து உப்பு பம்ப்பை அடைக்கிறது. உப்பு குழாயிலேயே நின்றுவிடும், தண்ணீரும் அதோடு கூடவே வெளியேறும். நியாயமாக அதற்கு உப்பு மாத்திரை என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

பழைய வாத்தியார்

அருமை. ஒரு துணைச்செய்தி. யாகோப் ஹென்லே அந்த வளைவை 1862-இல் விவரித்தார். எதற்கு இருக்கிறது என்று எண்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1942-இல் எதிரோட்ட விளக்கத்தை (எதிரெதிர் திசையில் ஓடும் இரண்டு பக்கங்களும் சேர்ந்து அடர்த்தியைக் கூட்டுகின்றன என்பதை) முன்வைத்த வெர்னர் குன் மருத்துவர் இல்லை, எங்கள் ஆள், இயல் வேதியியலாளர். சிறுநீரக உடலியலில் அன்று பெரும்புள்ளியாக இருந்த ஹோமர் ஸ்மித் நெடுநாள் அதை ஏற்கவில்லை. கடைசியில் ஏற்றுக்கொண்டார்.

அக்வாபோரினுக்காக பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு துளை வழியாக நொடிக்கு 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும், ஒரு அயனிகூடப் போகாது.

நிலாமதி

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. தண்ணீருக்கு பம்ப் இல்லை என்கிறீர்கள். இதயம் என்ன, சும்மா இருக்கிறதா? இரத்த அழுத்தம்தானே குளோமெருலஸில் தண்ணீரைப் பிழிகிறது? கடல்நீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. ஆலைகளில் அழுத்தம் கொடுத்து மென்படலம் வழியாகத் தள்ளுகிறார்கள். இதயமும் அதையே செய்யலாமே?

கடலோடி

நல்ல கேள்வி. ஆர்.ஓ. பக்கத்தை நான் சொல்கிறேன். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம், அதாவது மென்படலம் வழியாக நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும் வலு, சுமார் 27 வளிமண்டலம். அதைத் தாண்டித் தள்ளினால்தான் முதல் சொட்டு நன்னீரே வரும். ஆலைகள் 60 சுமாருக்கு வைத்து ஓட்டுகின்றன. லோப், சௌரிராஜன் என்ற இருவர் 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் செய்த மென்படலம்தான் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட்டில் முடிகிறது. மேலே வாத்தியார் சொன்ன 630-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய வாத்தியார்

இதயத்துக்கு வருவோம். இரத்தத்திலிருந்து உப்பில்லாத நீரைப் பிழிய வேண்டுமானால் இரத்தத்தின் சவ்வூடு அழுத்தத்தைத் தாண்ட வேண்டும். அது ஏழு வளிமண்டலத்துக்கும் மேல். டாக்டர் கருவியின் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 5,500 மில்லிமீட்டர் பாதரசம். உங்கள் இரத்த அழுத்தம் 120. அந்த 120-இல் உப்போடு சேர்ந்த தண்ணீரைப் புரதத்திடமிருந்து பிழியலாம், அவ்வளவுதான். உப்பிடமிருந்து பிழிய முடியாது. இதயம் அப்படி முயன்றால் நாளங்கள் வெடித்துவிடும்.

அதனால் உயிரினங்கள் வேறு வழி பார்த்தன. தண்ணீரை மொத்தமாகத் தள்ளுவதை விட்டு, அயனிகளை ஒவ்வொன்றாக நகர்த்துகின்றன. சோடியம் பம்ப் ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியேயும் 2 பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும், ஒரு ஏ.டி.பி. (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவில். ஜென்ஸ் ஸ்கோ 1957-இல் கண்டுபிடித்தார். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்கள் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன.

அலையாத்தி

தாவரவியல் மாணவி. நீங்கள் எல்லோரும் "உயிரினங்கள்" என்று சொல்லிவிட்டு விலங்கை மட்டும் பேசுகிறீர்கள்! என் பயனர் பெயருக்கே இது அவமானம். :)

சதுப்புநில மரங்கள் கடல்நீரில் வேரூன்றி நிற்கின்றன. சாற்றில் உப்பு மிகக் குறைவு. பல இனங்கள் வேரிலேயே உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடுகின்றன. எப்படி? அதே ஆர்.ஓ. முறைதான். தள்ளுவதற்குப் பதில் உறிஞ்சுகின்றன. இலையில் தண்ணீர் ஆவியாகும்போது மரக்குழாயில் உள்ள நீர்த்தூண் முழுவதும் கம்பி மாதிரி இழுபடுகிறது. பெர் ஷோலாண்டர் 1965-இல் கிளையை வெட்டி அழுத்தக் கலத்துக்குள் செருகி இதை அளந்தார். வெட்டுப்பட்ட முனையில் சாறு எட்டிப்பார்க்க எத்தனை அழுத்தம் வேண்டுமோ, அத்தனை இழுவிசை மரத்துக்குள் இருந்தது என்று பொருள். சதுப்புநில மரங்களில் 30, 40, அதற்கும் மேல் வளிமண்டலம் வந்தது. கடலின் 27-ஐவிட அதிகம். ஆகவே தண்ணீர் வேருக்குள் வருகிறது, உப்பு வாசலில் நிற்கிறது.

ஆக, தண்ணீரை உப்பிடமிருந்து பிழிந்தெடுக்கிற உயிர் இருக்கிறது. இதயமே இல்லாமல்!

இரவுப்பணி

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்: விலங்குகளில் தண்ணீருக்கு பம்ப் இல்லை. மரத்தில் பம்ப் சூரியன். வாத்தியார் முதல் பதிவில் சொன்ன அதே ஆவியாதல்தான், கயிற்றின் ஒரு முனையில் இருந்துகொண்டு இழுக்கிறது.

அலையாத்தி

சமாதானம். உள்ளே தப்பி வந்த மிச்ச உப்பை வெண்கண்டல் மரம் இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளும். வெயிலில் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடி உப்பு மினுங்கும். வெயில்பட்சியின் டி-ஷர்ட் மாதிரியேதான்.

வெயில்பட்சி

டி-ஷர்ட்டுக்கு வந்துவிட்டீர்கள், நன்றி. வியர்வை என்பது உடம்பு உப்பை வெளியேற்றுகிற வழி, இல்லையா? நிறைய வியர்த்தால் உப்பு கழியும், நல்லது என்று ஓட்டக் குழுவில் சொல்கிறார்கள்.

இரவுப்பணி

இல்லை. வியர்வை உடம்பைக் குளிர்விக்கிற வழி. உப்பு அதில் மாட்டிக்கொண்டு போவது. உடம்பு அதைத் தடுக்கத்தான் பார்க்கிறது.

வியர்வைச் சுரப்பி தோலுக்கடியில் நூல்கண்டு மாதிரி ஒரு சுருள். அங்கே முதலில் ஊறுகிற திரவத்தின் கரிப்பு ஏறக்குறைய இரத்தத்தினுடையதேதான்: லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம், உப்பாகக் கணக்கிட்டால் 8 கிராம். அது நேராகக் குழாய் வழியே மேலே வரும் வழியில் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அங்கேயும் தண்ணீருக்குக் கதவு இல்லை. ஹென்லே வளைவின் ஏறுபக்கம் செய்கிற அதே தந்திரம். வெளியே வரும்போது பெரும்பாலோருக்கு 20 முதல் 60-க்குள் இருக்கும். 40 என்றால் லிட்டருக்கு 2.3 கிராம் உப்பு.

மெதுவாக வியர்த்தால் குழாய்க்கு உறிஞ்ச நேரம் கிடைக்கும், வியர்வை நீர்த்திருக்கும். வேகமாக ஓடி ஊற்றுத் தண்ணீராக வியர்த்தால் உறிஞ்ச நேரம் போதாது, கரிக்கும். உங்கள் டி-ஷர்ட் கோடுகள் குழாய் பிடிக்கத் தவறிய உப்பு. ஒரே சொட்டில் இரண்டு முறை பிரிவு நடந்திருக்கிறது: முதலில் குழாய் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்தது, பிறகு காற்று மிச்ச உப்பிலிருந்து தண்ணீரை எடுத்தது.

குழாயில் குளோரைடு போகிற வழி பிறவியிலேயே பழுதாக இருந்தால் அதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். 1948 கோடையில் நியூயார்க்கில் வெப்ப அலை அடித்தபோது அந்த நோயுள்ள குழந்தைகள் நிறையப் பேர் நீரிழப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஏன் இவர்கள் மட்டும் என்று தேடிப்போய், 1953-இல் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். இன்றும் வியர்வைக் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் அந்த நோய் என்றுதான் பார்க்கிறோம்.

குட்டிச்சுவர்

அப்படியானால் கடலில் மாட்டிக்கொண்டவன் கடல்நீரைக் குடித்து, சிறுநீரகத்தை விட்டுப் பிரிக்கச் சொல்லலாமே? 1,200 வரை அடர்த்தியாக்கும் என்றீர்களே, கடலும் கிட்டத்தட்ட அதுதானே?

இரவுப்பணி

கணக்கு உதைக்கும். அந்த 1,200-இல் உப்பு மட்டும் போக முடியாது. புரதம் எரிந்து வந்த யூரியாவும் அதே தண்ணீரில்தான் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் அதைக் கழிக்க ஒன்றரை லிட்டர் சிறுநீர் வேண்டும். அரை லிட்டர் உங்கள் கையிருப்பிலிருந்து போகும். தாகம் தீர்க்கக் குடித்து தாகத்தாலேயே சாவது என்பது இதுதான்.

அலையாத்தி

கடற்காகம் குடிக்கும். அதன் சிறுநீரகம் நம்முடையதைவிட மட்டம், ஆனால் கண்ணுக்கு மேலே மண்டையோட்டுப் பள்ளத்தில் உப்புச் சுரப்பி இருக்கிறது. 1950-களின் இறுதியில் நட் ஷ்மிட்-நீல்சன் கண்டறிந்தது. அதிலிருந்து வருகிற திரவத்தில் 5 சதவீதம் உப்பு, கடலைவிடக் கூடுதல். அலகு வழியாக வடிந்து நுனியில் சொட்டாக நிற்கும், பறவை தலையை உதறிக் கொட்டிவிடும். கடலாமை கரையில் அழுவதும் இதே கணக்குதான். முட்டையிடும் வலி என்று கதை கட்டிவிட்டார்கள்.

நிலாமதி

இரவுப்பணி மேடம், ஒரு சொந்த விஷயம். எங்கள் பெரியம்மாவுக்கு போன வருடம் குழப்பமாகப் பேச்சு வந்து, சோடியம் 118 என்றார்கள். நாங்கள் எல்லோரும் "உப்பைக் குறைத்துவிட்டோம், அதனால்தான்" என்று குற்ற உணர்ச்சியோடு கிடந்தோம். சேர்த்த இடத்தில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. கோபமாக இருந்தது. உப்பு குறைந்தால் உப்பைத்தானே கொடுக்க வேண்டும்?

இரவுப்பணி

குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள் அம்மா. அந்த 118 உப்பின் எடை அல்ல, ஒரு லிட்டர் இரத்த நீரில் எவ்வளவு சோடியம் என்ற விகிதம். இயல்பு 135 முதல் 145. விகிதம் இறங்க இரண்டு வழி உண்டு: உப்பு குறையலாம், தண்ணீர் கூடலாம். வயதானவர்களில் பெரும்பாலும் இரண்டாவது. சில மாத்திரைகள், நுரையீரல் தொற்று, இன்னும் பல காரணங்களால் ஏ.டி.எச். தேவையில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். கதவு திறந்தே கிடக்கும். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அந்த வகை என்றால் மருந்து தண்ணீரைக் குறைப்பதுதான். பெரியம்மாவுக்கு எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கலாம்; அந்தக் கோபம் நியாயம்தான்.

சரிசெய்வதிலும் அவசரம் கூடாது. சோடியத்தை ஒரு நாளில் 8, 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளை செல்களிலிருந்து தண்ணீர் சட்டென்று வெளியேறி நிரந்தரச் சேதம் வரக்கூடும். எங்கள் பிரிவில் ராத்திரி முழுக்க சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.

வெயில்பட்சியின் ஓட்டக் குழுவுக்கும் ஒரு செய்தி. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள்.

நிலாமதி

ஒரு வருடமாக மனசில் இருந்தது. நன்றி மேடம்.

வெயில்பட்சி

ஃப்ரீசர் முடிவு! இரண்டு நாள் கழித்து எடுத்தபோது பாட்டில் கல் மாதிரி இல்லை. விரலால் அழுத்தினால் நெகிழ்ந்தது, குலுக்கினால் உள்ளே ஏதோ சளக்கென்றது. கவிழ்த்து நான்கு கிண்ணத்தில் பிடித்தேன், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய கால் லிட்டர். முதல் கிண்ணம் நாக்கு சுருள்கிற கரிப்பு. இரண்டாவது கடல். மூன்றாவது லேசாக. கடைசியில் மிஞ்சிய கட்டி கண்ணாடி மாதிரித் தெளிவு, உருக்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. நான்கையும் வாணலியில் வற்றவைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 21, 9, 3, 1 கிராம். ஒரு கிராம் எங்கே போனது என்று தெரியவில்லை, தராசின் குணம் அப்படி.

ஏன் முழுசாக உறையவில்லை ஐயா?

பழைய வாத்தியார்

ஃப்ரீசர் மைனஸ் 18. உப்புநீரின் கடைசிச் சொட்டும் உறைய மைனஸ் 21 வேண்டும். பனி வளர வளர மிச்ச நீரின் கரிப்பு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்தக் குளிருக்கு உறையாத அளவுக்கு வந்து நின்றுவிடும். சளக்கென்றது அதுதான்.

வெயில்பட்சி

புரிந்தது. இன்னொரு சோதனையும் செய்தேன். நேற்று ஓடாமல் அதே தூரம் மெதுவாக நடந்தேன், அதே கறுப்பு டி-ஷர்ட், துவைத்துப் போட்டது. நன்றாகவே நனைந்திருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் தோள்பட்டையில் மங்கலாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

குட்டிச்சுவர்

நக்கிப் பார்த்தீர்களா?

வெயில்பட்சி

பார்த்தேன். இருக்கிறது, ஆனால் குறைவு.